வீட்டுக் கோழியும் கூடுதல் சேவலும்



கொல்லையில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கணும் என்று ஆசைப்படுபவர்களுக்கும், ஏற்கனவே வளர்த்து "இத்தனை சேவலை வச்சு என்ன பண்றது" என்று முழிப்பவர்களுக்கும் இந்தப் பதிவு.

முதல்ல ஒரு எளிய கணக்கு.

அடை வைத்துப் பொரியும் குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல்தான். குஞ்சாக இருக்கும்போது நமக்கு வித்தியாசம் தெரியாது. இரண்டு மாதம் தாண்டினால் கொண்டை சிவக்கும். அடுத்து கழுத்திலும் வாலடியிலும் கூரான பளபளப்பான இறகு வரும். நாலு மாதத்தில் கூவ ஆரம்பிச்சிடும். நைட் டூட்டி முடிச்சு வந்து படுக்கிற என்னைப் போன்றவர்கள் பக்கத்து வீட்டில் இருந்தால் சண்டையும் ஆரம்பிச்சிடும் 🙂

பத்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அதற்கு மேல் இருந்தால் சேவல்கள் தங்களுக்குள் அடிச்சுக்கும். பெட்டைகளின் முதுகு இறகு பிய்ந்து புண்ணாகும்.

முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், குஞ்சு மட்டும் பொரிக்காது. சத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இரண்டிலும் உண்டு.

சரி, இதில் டாக்டருக்கு என்ன வேலை?

எங்கள் ஓபிக்கு ஒரு பாட்டி வந்தார். சுகர், பிரஷர் இரண்டுக்கும் மாத்திரை எடுப்பவர். கெண்டைக்காலில் சேவல் முள் கிழித்த காயம். "நாய்க்கடி ஊசி போடணுமா சார்?" என்றார்.

வேண்டாம். ரேபிஸ் பாலூட்டிகளிடம் இருந்து பரவும் நோய். கோழி கொத்தினால் அந்த ஊசி தேவையில்லை. சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவணும். டிடி ஊசி போடணுமா என்று டாக்டரிடம் கேட்கணும். சுகர் இருப்பவர்கள் சின்னக் காயம் என்று விடவே கூடாது.

"சேவலை என்ன பண்ணீங்க பாட்டி?"

"பேரன் அவன் கையால அரிசி போட்டு வளர்த்தது சார். கொடுக்க மனசு வரல."

பேரனுக்கு மூணு வயசு.

"உங்க காலுக்குப் பாய்ஞ்ச சேவல் பேரன் மேல பாய்ஞ்சா அவன் முகத்துல படும் பாட்டி. கண்ணு போச்சுன்னா திரும்ப வராது" என்றேன். பேசாமல் போனார். அடுத்த வாரம் கட்டு மாற்ற வந்தபோது, பெட்டை மட்டும் வைத்திருந்த மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார். அங்கே சின்னப் பிள்ளைகள் இல்லையாம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் 76 வயது மூதாட்டி ஒருவரின் காலில் சேவல் கொத்தி, வெரிகோஸ் நரம்பு உடைந்து, ரத்தம் போய் இறந்தது 2019இல் தடயவியல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அரிதுதான். ஆனால் காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ரத்தம் வந்தால் உடனே படுத்து, காலை உயர்த்தி, காயத்தின் மேல் சுத்தமான துணியை அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றுகொண்டே இருந்தால் ரத்தம் நிற்காது. அப்படியே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கூடுதல் சேவலுக்கு வழி என்ன?

👉 வேறு ஊரில் கோழி வைத்திருப்பவருக்குக் கொடுக்கலாம். ஒரே ரத்தத்தில் திரும்பத் திரும்பக் குஞ்சு எடுத்தால் வம்சம் நலியும் என்பதால் புதுச் சேவல் அவருக்கும் லாபம். பாயும் குணம் இருந்தால் மறைக்காமல் சொல்லிக் கொடுங்கள்.

👉 சந்தையில் விற்கலாம், குழம்பும் வைக்கலாம். இதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

👉 ரோட்டோரம் விட்டுவிட்டு வராதீர்கள். நாய்க்குத்தான் இரையாகும்.

👉 சண்டைக்குக் கொடுக்கவே கூடாது. விலங்குகளை மோதவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். 2021இல் தெலங்கானாவில் சேவல் காலில் கட்டிய கத்தி பட்டு மனிதரே இறந்திருக்கிறார்.

பெட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அடை காத்துக் குஞ்சு வளர்க்க வேண்டுமானால் நம்ம சிறுவிடை. முட்டை குறைவு, தாய்மை அதிகம். முட்டைதான் முக்கியம் என்றால் ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசு ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய கிராமப்ரியா போன்ற ரகங்கள்.

குஞ்சாக வாங்காமல் நாலைந்து மாதப் பெட்டையாக வாங்குங்கள். சேவல் பிரச்சனை அங்கேயே முடிந்தது. கண், மூக்கு சுத்தமாக இருக்கணும். நெஞ்செலும்பு கத்தி போலத் துருத்தக் கூடாது. பின்பக்க இறகில் வெள்ளைக் கழிச்சல் ஒட்டியிருந்தால் வாங்காதீர்கள்.

புதுக்கோழியை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி பற்றி பக்கத்தில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். கோழியைத் தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவணும். குஞ்சை முத்தம் கொடுக்கப் பிள்ளைகளை விடாதீர்கள். சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வரும்.

நாலு பேர் உள்ள வீட்டுக்கு நாலைந்து பெட்டை தாராளம்.

அடை வைக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். பாதி சேவலாக வந்தால் அவை எங்கே போகும்? பதில் கையில் இருந்தால் அடை வையுங்கள். இல்லையென்றால் அந்த முட்டையைப் பிள்ளைக்கு அவித்துக் கொடுங்கள்.