கோயிலைத் தாண்டினால் தலைநகரம்

கொழும்பிலிருந்து இரவு பஸ் பிடித்து விடியும்போது யாழ்ப்பாணத்தில் இறங்குகிறவர்களிடம் அன்றைய பட்டியல் தயாராகவே இருக்கும். நல்லூரில் ஒரு கும்பிடு, நூலகத்தின் முன்னால் ஒரு படம், கோட்டை மதிலில் ஒரு நடை. அடுத்த நாள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு, பிறகு நிலாவரைக் கிணறு, கீரிமலைக் கேணி. இடையில் ஐஸ்கிறீம். கடைசியில் பனங்கட்டியும் ஒடியலும் வாங்கிக்கொண்டு மறுபடியும் பஸ்.

வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். 1990 இல் நின்றுபோன யாழ்தேவி 2014 ஒக்டோபரில் மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமானது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் ஓடத் தொடங்கியது. வழிகள் பெருகின, பட்டியல் மட்டும் அப்படியே இருக்கிறது.

பட்டியலில் உள்ள எதுவும் சோடை போனதில்லை. நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. சுண்ணக்கல் பூமியின் அந்த விந்தையை எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. போர்த்துக்கேயர் தொடக்கி ஒல்லாந்தர் ஐங்கோணமாக்கிய கோட்டையின் மதிலில் மாலை வெயிலில் நின்றால் பண்ணைக் கடல் முழுவதும் தெரியும். குறை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டியலின் முதல் ஊரான நல்லூர் ஒரு காலத்தில் இராச்சியம் ஒன்றின் தலைநகரம். வருகிறவர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள். தலைநகரத்தைப் பார்க்காமல் போய்விடுகிறார்கள்.

அந்த இராச்சியத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் அரசு 1619 இல் கடைசி அரசன் சங்கிலி குமாரன் போர்த்துக்கேயரிடம் பிடிபட்டதோடு முடிந்தது. அவனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621 இல் போர்த்துக்கேயத் தளபதி பிலிப் டி ஒலிவேரா பழைய கந்தசுவாமி கோயிலை இடித்தான். அந்தக் கற்கள்தான் கோட்டைக்குப் போயின என்று ஊரில் சொல்வார்கள். ஆட்சி கடற்கரைப் பட்டினத்துக்கு மாறியது. நல்லூர் ஒரு கிராமமாய்ச் சுருங்கியது. இன்று எல்லோரும் கும்பிடுகிற கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 1734 இல், குருக்கள் வளவில் புதிதாக எழுந்தது. பழைய கோயில் நின்றதாகச் சொல்லப்படும் நிலத்தில் இப்போது இருப்பது புனித யாக்கோபு தேவாலயம்.

ஆனாலும் தலைநகரம் முற்றாக அழிந்துவிடவில்லை. அதன் எல்லையைக் காலால் அளக்கலாம். கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாசநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர் என்று நாலு திசைக்கும் நாலு காவல் கோயில்கள் வைத்து அரசன் நகரமைத்ததாக யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் கேள்விக்காக மயில்வாகனப் புலவர் எழுதிய நூல் அது. கோயில்களின் இன்றைய கட்டடங்கள் பிற்காலத்தவை. பெயரும் திசையும் பழையவை. இந்த நாலையும் ஒரு காலைப்பொழுதில் சைக்கிளில் சுற்றிவந்தால் போதும், பழைய நகரத்தின் அளவு உடம்புக்குத் தெரிந்துவிடும்.

பருத்தித்துறை வீதியில் முத்திரைச் சந்திக்கு வந்தால் குதிரைமேல் வாளோடு சங்கிலியன் சிலை நிற்கும். அதைத் தாண்டிப் போகிறவர் வீதியோரத்துச் சங்கிலியன் தோப்பு வளைவைத் தவறவிடுவதற்கே வாய்ப்பு அதிகம். ஓட்டோக்காரரிடம் கேட்டால், "சங்கிலியன் தோப்போ? உது பின்னால நிக்குதே, தாண்டி வந்திட்டியள்" என்பார். செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒற்றை வாசல். அதன் வழியாக நுழைய அரண்மனை கிடையாது. வளவும் வீடுகளும்தான் உண்டு. அந்த வாசல்கூட அரசர் காலத்தது அல்ல, வேலைப்பாட்டில் ஒல்லாந்தர் கை தெரிகிறது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். இருக்கட்டும். அரண்மனை நின்ற இடத்தை ஊர் இந்த வளைவை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது.

அதே வீதியில், சட்டநாதர் கோயில் பக்கமாக, மந்திரிமனை. முகப்பில் மரச் செதுக்கு வேலை. தூணின் அருகே போய் நின்றால் உளிபட்ட பூவும் கொடியும் ஒரு பக்கத்தில் கூர்மை மாறாமல் இருக்கும். மறுபக்கம் மழை குடித்து மொட்டையாகிப் போயிருக்கும். சுவரிலோ காதலர்களின் பெயர்கள் ஆணியால் கீறிக் கிடக்கும். உள்ளே சுரங்கப் பாதை ஒன்று இருந்ததாக அயலவர்கள் ஆளுக்கொரு கதை வைத்திருக்கிறார்கள். ஒருவர் அது அரண்மனைக்குப் போனது என்பார், இன்னொருவர் கோயிலுக்கு என்பார். கட்டடமோ, இன்றுள்ள வடிவில், எந்த மந்திரியும் இருந்த காலத்துக்கு மிகவும் பிந்தியது.

இந்தச் சுற்றில் முதலிடம் யமுனா ஏரிக்குத்தான். தேவாலயப் பக்கத்து ஒழுங்கையில் விசாரித்துப் போகவேண்டும். ஏரி என்ற பெயரைக் கேட்டுப் பெரிய நீர்ப்பரப்பைத் தேடுகிறவர் ஏமாந்துபோவார். 'ப' எழுத்தைப் போல வளைத்துக் கட்டிய கேணி. கல் படிகள், பாசி, சுற்றிவர மரங்கள். யமுனை நதியின் தண்ணீரைக் காவடியில் கொண்டுவந்து ஊற்றியதால் வந்த பெயர் என்பது ஐதீகம். ஒரு கேணியை ஏன் இப்படி மூன்று பக்கமாக மடித்துக் கட்டினார்கள் என்ற கேள்வி படியில் நிற்கிற யாருக்கும் வரும். பதில் சொல்ல அங்கே பலகையும் இல்லை, ஆளும் இல்லை.

தேவாலயம் நல்லூரின் பிற்காலக் கதைக்குள் கொண்டுபோகும். 1818 இல் ஜோசப் நைற் என்ற அங்கிலிக்கன் மிஷனரி நல்லூரில் பணி தொடங்கினார். மிஷனரிகளோடு பிற்காலத்தில் எழுத்தால் மல்லுக்கட்டிய ஆறுமுக நாவலர் அடுத்த நாலு வருடத்தில், 1822 இல், இதே ஊரில் பிறந்தார். விடுதலைப் புலிகள் இயக்கத்தின் திலீபன் 1987 செப்டம்பர் 15 இல் உண்ணாவிரதம் தொடங்கி 26 இல் உயிர்விட்டதும் கோயில் வீதியருகேதான். நல்லூரில் ஒரு மைல் நடந்தால் நாலு நூற்றாண்டு காலில் மிதிபடும்.

கோயிலுக்குள்ளும் தலைநகரம் ஒளிந்திருக்கிறது. ஒரு ரூபா அர்ச்சனைக்கும், மணி தவறாத பூசைக்கும் பெயர்போன கோயில் இது. இருபத்தைந்து நாள் திருவிழாவில் சுவாமி எழுந்தருளும்போது சொல்லப்படும் கட்டியத்தில் புவனேகபாகுவின் பெயர் இன்றும் வருகிறது. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில் கோட்டே இராச்சியத்திலிருந்து வந்து நல்லூரைப் பிடித்த செண்பகப் பெருமாள்தான் அவன் என்பது ஒரு கட்சி, அரசனின் மந்திரி என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் தீரவில்லை. தென்னிலங்கையிலிருந்து வருகிற சுற்றுலாக்காரருக்கு இந்த ஒரு செய்தியைச் சொன்னால் அவர் கோயிலைப் பார்க்கிற பார்வையே மாறும். சொல்வதற்குத்தான் ஆள் இல்லை.

"பார்க்க அங்கே என்ன இருக்கிறது, இடிந்த சுவர்தானே" என்று உள்ளூரிலேயே கேட்பார்கள். லண்டனில் 1888 இல் நடந்த ஜாக் த ரிப்பர் கொலைகளின் தடத்தைக் காட்ட ஒவ்வொரு மாலையும் நடைச் சுற்றுலா நடக்கிறது. அந்தத் தெருக்களில் அன்றைய கட்டடங்கள் பெரும்பாலும் இல்லை. காசு கொடுத்து வருகிறவர்கள் கேட்பது கதையை. பெர்லினில் இடித்துத் தள்ளிய மதில் ஓடிய தடத்தை வீதியில் இரட்டை வரிசைக் கல் பதித்துக் காட்டுகிறார்கள். அதன்மேல் காரும் போகிறது, ஆளும் நடக்கிறது. சென்னை மயிலாப்பூரில் மாட வீதிகளைச் சுற்றிக் காட்டவே மரபு நடைகள் நடக்கின்றன. நல்லூரில் இருப்பது இவற்றுக்குக் குறைந்த கதையா?

செலவும் பெரிதில்லை. நாலு காவல் கோயில்களையும், வளைவையும், மனையையும், ஏரியையும் இணைக்கிற வரைபடம் ஒன்று. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு பலகை. பலகையில் ஐதீகத்தை ஐதீகம் என்றும், ஆய்வை ஆய்வு என்றும் பிரித்து எழுதவேண்டும்; இரண்டையும் குழைத்தால் மூன்றாம் வருடமே நம்பிக்கை போய்விடும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறும் தொல்லியலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். சனி ஞாயிறுகளில் அவர்கள் வழிகாட்டினால் கைச்செலவுக்கும் ஆகும். இவையெல்லாம் மெல்ல நடக்கலாம், மந்திரிமனை மரவேலை மட்டும் காத்திருக்காது. அடுத்த மாரிக்கு முன் கூரையைப் பார்க்கவேண்டும்.

அதுவரை வருகிறவர்கள் தாங்களாகவே போகலாம். வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுங்கள். காலை ஆறரைக்கு, வெயில் ஏறுமுன், வெயிலுகந்த பிள்ளையாரில் தொடங்குங்கள். ஏரிக்கு வழி தெரியாவிட்டால் ஒழுங்கையில் யாரையும் கேளுங்கள். கூடவே வந்து காட்டுவார்கள்.