படிவம் ‘சி’

வன உரிமைச் சட்டம், 2006-ஐப் படித்துவிட்டுத்தான் சத்தியமங்கலம் மலைக்குப் போனேன். மனு எழுதும் வேலையை அங்கே ஓர் அக்காவிடம் கற்றேன். படிவம் ‘ஏ’ தனிநபருக்கு. ‘பி’ மேய்ச்சல், சுள்ளி, தேன் போன்ற சமூக உரிமைகளுக்கு. அக்கா மெனக்கெடுவது ‘சி’க்குத்தான். காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அதிகாரம் கேட்பது அதில்தான்.

“காலங்காலமாகப் பயன்படுத்தி வருகிறோம்” என்ற வரியை எந்த மனுவிலும் அவர் இருக்க விடமாட்டார். “இத எந்த ஊருக்கும் எழுதலாமே, இந்த ஊரு எங்க இருக்கு இதுல?” என்பார்.

அதனால் பெரியவர்களிடம் கேட்கும் கேள்விகளே வேறு. கடுக்காய் பொறுக்க எந்தப் பள்ளம்? கூட யார் வருவா? இருட்டிவிட்டால் எங்கே படுப்பீங்க? ஒரு பாட்டி இரண்டு ஓடை சேரும் இடத்தைச் சொல்லி, தேன் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கும்பிடும் கல் அங்கே இருப்பதாகச் சொன்னார். அக்கா அதை அப்படியே எழுதி, ரேகை வாங்கினார். மறுநாள் அந்தக் கல்லுக்கே போய் ஜி.பி.எஸ். புள்ளி எடுத்தோம். பெரியவர்களின் வாக்குமூலம், வழிபாட்டிடம், இடுகாடு எல்லாமே அந்தச் சட்டத்தின் விதி 13-ன்படி சான்றுகள்.

வரைபடம் முதலில் தரையில், கோலப்பொடியில். ஆண்கள் பாதையையும் கோயிலையும் போட்டு முடிப்பார்கள். சீமாறு புல், கோடையிலும் வற்றாத ஊற்று இதெல்லாம் பொடி பெண்கள் கைக்குப் போன பிறகுதான் வரும். கிராம சபைக் குறைவெண்ணில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது விதி. பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கு சரியாகிவிடும். அதில் அக்காவுக்குத் திருப்தி இல்லை.

ஒடிசாவின் நியாம்கிரியை அடிக்கடி சொல்வார். 2013-இல் உச்ச நீதிமன்றம் முடிவைக் கிராம சபைகளிடம் விட, 12 சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன. எங்கள் மலையில் சுரங்கம் கிடையாது, காகிதத்தோடுதான் மல்லுக்கட்டு. ஒரு மனு, செயற்கைக்கோள் படம் இல்லை என்று வாய்மொழியாகத் திரும்பியது. அக்கா பதறவில்லை. காரணத்தை எழுத்தில் கேட்கச் சொன்னார். 60 நாளுக்குள் செய்ய வேண்டிய மேல்முறையீட்டுக்கு அந்தக் காகிதம் வேண்டும். செயற்கைக்கோள் படம் மற்றச் சான்றுகளுக்குத் துணைதான், மாற்று அல்ல என்ற 2012 திருத்தத்தின் நகலையும் மேலே வைத்துத் தைத்தோம்.

எழுத்தில் காரணம் இன்னும் வரவில்லை. ஒப்புகைச் சீட்டு மட்டும் கிராம சபைப் பதிவேட்டில் ஒட்டியிருக்கிறது.