ஏழாவது துண்டு

வானொலியில் ஒரு மணி நேரப் பேட்டியைப் பதிவு செய்தால், ஒலியேறுவது பன்னிரண்டு நிமிடம். இருமல், "வந்து... வந்து...", இடையில் அலறிய கைப்பேசி எல்லாவற்றையும் வெட்டி எறிந்து மிச்சத்தை ஒட்டுவோம். உடம்புக்குள்ளும் இதே வேலை நடக்கிறது என்பதை அக்கா மகன் விஷயத்தில்தான் அறிந்தேன்.

ஏழு மாதமாகியும் அவனுக்குத் தலை நிற்கவில்லை. சிரிப்பான், கண்ணாலேயே என்னைத் தேடுவான். கால்கள் மட்டும் அசையாது. பரிசோதனையில் வந்த பெயர் எஸ்.எம்.ஏ. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் முதுகுத்தண்டில் ஒவ்வொன்றாக மடியும் நோய். எஸ்.எம்.என்.1 என்ற மரபணு அவனிடம் இல்லை. அக்காவிடமும் அத்தானிடமும் ஒவ்வொரு பிரதி இருக்கிறது; அது போதும் என்பதால் அவர்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "யார் வழியில் வந்தது?" என்று பெரியம்மா கேட்டார். இரண்டு வழியிலும்தான், பெரியம்மா.

மரபணுவிலிருந்து எடுக்கப்படும் ஆர்.என்.ஏ. நகலில் வேண்டாததை வெட்டி, வேண்டியதை ஒட்டிய பிறகே புரதம் உருவாகும். 1977-இல் இதைக் கண்டறிந்த ரிச்சர்ட் ராபர்ட்சும் பிலிப் ஷார்ப்பும் 1993-இல் நோபல் பரிசு பெற்றார்கள். வெட்டி ஒட்டும் அந்தக் கருவிக்குப் பாகங்களைக் கோத்துக் கொடுப்பது எஸ்.எம்.என். புரதத்தின் முக்கிய வேலை.

எஸ்.எம்.என்.2 என்ற உபரி மரபணுவும் உண்டு. ஏறக்குறைய அச்சு அசல்தான். ஆனால் ஏழாவது துண்டில் 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. அந்த ஓர் எழுத்தால், ஒட்டும்போது அந்தத் துண்டே பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. பத்தில் ஒன்றுதான் முழுதாக வரும். எடிட்டிங் அறைக்குக் கருவி கோத்துத் தருபவரின் பேட்டியையே தப்பாக வெட்டியதுபோல!

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஏட்ரியன் கிரைனர் குழுவின் ஆய்விலிருந்து பிறந்த மருந்து நுசினெர்சென். 2016 டிசம்பரில் அங்கே அனுமதி கிடைத்தது. அது புது மரபணு எதையும் தருவதில்லை. ஏழாவது துண்டுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, "இதை விட்டுவிடு" என்று சொல்லும் புரதங்களை அண்டவிடாது, அவ்வளவுதான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை முதுகுத்தண்டு நீரில் ஊசி. விலையைக் கேட்டு அத்தான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

மருந்து கிடைத்தபோது அவனுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. மடிந்த நரம்பணுக்கள் திரும்பாது. இப்போது மூன்று வயது. முதுகுக்குத் தலையணை வைத்தால் உட்கார்ந்து என் நிகழ்ச்சியைக் கேட்கிறான்.

அக்காவுக்கு ஒரு பிரதிதான் என்றால், எனக்கும் அப்படி இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. நவம்பரில் எனக்குத் திருமணம். போன வாரம் ரத்தம் கொடுத்தேன். அவரும் கொடுத்தார், அவர் அம்மாவுக்குச் சொல்லாமல். முடிவு இன்னும் வரவில்லை.