தொடாத தட்டு

"பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்துவிட்டு எப்படித் தமிழுக்கு வந்தீர்கள்?" என்ற கேள்வியை எல்லா நேர்காணல்களிலும் கேட்டுவிட்டார்கள். கேட்பவர்கள் குரலில் கொஞ்சம் அனுதாபமும் இருக்கும். நல்ல வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பியவளைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். நான் எதையும் விட்டுவிட்டு வரவில்லை என்று சொன்னால் நம்பமாட்டார்கள். தமிழ் வகுப்பில் இன்று நான் கேட்கும் கேள்விகளில் பாதி அந்த ஆய்வுக்கூடத்தில் கற்றுக்கொண்டவை.

1990களின் பிற்பகுதியில் எங்கள் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகளில் மைக்ரோபயாலஜியும் பயோகெமிஸ்ட்ரியும் புதிதாக முளைத்தன. மருத்துவ நுழைவுத் தேர்வில் இடம் கிடைக்காத பெண்களுக்கு அவை அடுத்த படிக்கட்டு. "டாக்டருக்குப் படிக்கற மாதிரித்தான்" என்று உறவுக்காரர்களிடம் சொல்லிக்கொள்ளலாம். வெள்ளைக் கோட்டுப் போட்டு ஒரு போட்டோ எடுத்து மாட்டலாம். படிப்பு நான்கு சுவருக்குள் முடிந்துவிடும். கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக் கிராமத்திலிருந்து என்னை அனுப்பி வைத்ததற்கு வீட்டில் சொன்ன காரணங்கள் இவ்வளவுதான். வகுப்பில் முப்பது பெண்கள், ஆறு மைக்ராஸ்கோப்புகள், ஒரே ஒரு ஆட்டோகிளேவ்.

அங்கே முதல் வாரத்தில் காதில் விழுந்த சொல் 'கண்டாமினேஷன்.' நாங்கள் வளர்க்க நினைக்காத எதுவும் தட்டில் வளர்ந்துவிடக் கூடாது. கம்பி வளையத்தைப் பன்சன் விளக்கில் செக்கச் சிவக்கக் காட்ட வேண்டும். தட்டின் மூடியைப் பாதிதான் திறக்க வேண்டும். திறந்த தட்டுக்கு மேலே பேசக் கூடாது. ஊடகத்தை 121 டிகிரியில் பதினைந்து நிமிடம் வேக வைக்க வேண்டும். இத்தனையும் செய்த பிறகும், எந்தக் கிருமியும் இடாமல் ஒரு தட்டை அப்படியே மூடி மற்றவற்றோடு இன்குபேட்டரில் வைப்போம். அதன் பெயர் கன்ட்ரோல். மறுநாள் அந்தத் தொடாத தட்டிலும் ஏதாவது வளர்ந்திருந்தால் மற்றத் தட்டுகள் சொல்வதையும் நம்ப முடியாது. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

'கன்ட்ரோல்' அதுவரை எனக்கு வேறு அர்த்தத்தில் தெரிந்த சொல். "பொம்பளப் புள்ளைய கன்ட்ரோல்ல வைக்கோணும்" என்று பெரியப்பா அடிக்கடி சொல்வார். அதே சொல்லுக்கு 'எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறாய்?' என்று கேட்கும் ஒரு பொருளும் இருப்பதை அந்த ஆய்வுக்கூடத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் வீட்டில் மாதத்தில் மூன்று நாள் எனக்குத் தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். முக்கியமாக ஊறுகாய் ஜாடிப் பக்கம் போகக் கூடாது. தொட்டால் ஊறுகாய் கெட்டுவிடும் என்பது அம்மாயி காலத்திலிருந்து வரும் சட்டம். தம்பி தண்ணீர் சொட்டும் கையை ஜாடிக்குள் விட்டு மாங்காய்த் துண்டை எடுப்பான். பூஞ்சை பூத்தால் "யாரு தொட்டது?" என்ற கேள்வி என்னிடம்தான் வரும். ஊறுகாயைக் காப்பது உப்பும் புளிப்பும் எண்ணெயும் என்று உணவு நுண்ணுயிரியல் பாடம் சொன்னது. அதைக் கெடுக்க ஈரம் போதும். ஈரம் ஆணின் கையிலும் இருக்கும்.

முதலாண்டில் ஒரு செய்முறை உண்டு. தட்டின் அடியில் கோடு போட்டு நான்காகப் பிரித்து, கழுவாத விரல், தண்ணீரில் கழுவிய விரல், சோப்புப் போட்ட விரல், ஸ்பிரிட் தடவிய விரல் என்று ஒவ்வொன்றாக ஒற்ற வேண்டும். நான் அதைச் செய்தது மாதவிலக்கின் இரண்டாம் நாள். 37 டிகிரியில் ஒரு நாள் வைத்து எடுத்தபோது வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளிகள். பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ், மனிதத் தோலில் இயல்பாகக் குடியிருக்கும் இனம். பக்கத்தில் இருந்தவளின் தட்டிலும் அதேதான். ஒரு விரலை வைத்து உலகத்துக்குத் தீர்ப்பு எழுத முடியாது என்று எங்கள் ஆசிரியை சொல்லிக் கொடுத்திருந்தார். ஆனாலும் அந்தத் தட்டைப் பார்த்த மாதிரி என் கையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா அரிசி களைந்துகொண்டே கேட்டார்: "உன்ற கிருமியும் கண்ணுக்குத் தெரியாது, என்ற தீட்டும் கண்ணுக்குத் தெரியாது. உன்றத மட்டும் எப்புடி கண்ணு நம்பச் சொல்ற?"

ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட என் அம்மா கேட்ட அந்தக் கேள்வி லேசான கேள்வி அல்ல. எனக்குப் பதில் பிடிபடச் சில ஆண்டுகள் ஆயின. கண்ணுக்குத் தெரியாதது என்பதில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் கிருமி இல்லை என்று நிரூபிக்க ஒரு வழி உண்டு. தட்டில் எதுவும் வளராவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். தீட்டு இல்லை என்று நிரூபிக்க எந்த வழியும் வைக்கப்படவில்லை. ஊறுகாய் கெட்டால் நான் தொட்டேன் என்பார்கள். கெடாவிட்டால் சாமி காப்பாற்றியது என்பார்கள். எந்த விடை வந்தாலும் குற்றவாளி மாறாத ஒன்றைச் சோதனை என்று சொல்ல முடியாது.

அதற்காக ஆய்வுக்கூடத்தைக் கோயிலாக்கிவிடவும் வேண்டாம். டிப்தீரியா பாடத்தில் 'ஷிக் சோதனை' எங்களுக்கு ஐந்து மதிப்பெண் கேள்வி. 1913இல் அதை உருவாக்கியவர் பேலா ஷிக். அதே ஷிக் 1920இல், வியன்னாவில் மாதவிலக்கான பணிப்பெண் ஒருத்தி கையாண்ட பூக்கள் சீக்கிரம் வாடிவிட்டன என்று கண்டு, அந்த நாட்களில் பெண் உடலில் ஒரு நஞ்சு ஊறுகிறது என்று கட்டுரை எழுதினார். 'மெனோடாக்ஸின்' என்று அதற்குப் பெயரும் கிடைத்தது. பல பத்தாண்டுகள் அதைத் தேடியவர்கள் இருந்தார்கள். அப்படி ஒரு நஞ்சு நிலைநாட்டப்படவே இல்லை. எங்கள் பாடப் புத்தகத்தில் 1913 இருந்தது, 1920 இல்லை. அம்மாயியின் ஊறுகாய் ஜாடி வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வியன்னா வரை போயிருக்கிறது என்பதைப் பின்னாளில் நானாகப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டாம் ஆண்டில் பிளட் அகார் செய்தோம். கறிக்கடையிலிருந்து வரும் ஆட்டு ரத்தத்தை, உறையாமல் இருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் பிடித்து வருவார்கள். ஊடகத்தின் சூடு ஆறி, கை பொறுக்கும் பதத்துக்கு வந்ததும் ரத்தத்தைச் சேர்த்துத் தட்டில் ஊற்றுவோம். அங்கே ரத்தம் உணவு. சாதாரண ஊடகத்தில் சரியாக வளராத கிருமிகள்கூட அதில் வளரும். எங்கள் கை பட்டு ரத்தம் கெட்டுவிடக் கூடாது என்று மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றுவோம். ரத்தம் பட்டு நாங்கள் கெட்டுவிடுவோம் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

அந்தத் தட்டில் உறையும் அகாரும் ஒரு சமையலறையிலிருந்து வந்ததுதான். ராபர்ட் காக்கின் ஆய்வுக்கூடத்தில் முதலில் ஜெலட்டினைப் பயன்படுத்தினார்கள். வெயில் நாளில் அது உருகிவிடும், சில கிருமிகள் அதைத் தின்று கரைத்துவிடும். 1881இல், அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி ஹெஸ்ஸே, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். மறு ஆண்டு காக் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகார் இருந்தது, ஃபானி இல்லை. 1887இல் வந்த தட்டுக்குப் பெட்ரியின் பெயர் நிலைத்தது. நம் மன்னார் வளைகுடாவில் பெண்கள் கடலில் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகார் எடுக்கிறார்கள். அவர்கள் பெயரும் எந்தத் தட்டிலும் இல்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்திலும் பெயர் சொல்லி அழைக்கப்படாத ஒருவர் இருந்தார். நாங்கள் வளர்த்து முடித்த கிருமித் தட்டுகளை எல்லாம் சுரண்டிக் கழுவுகிற அட்டெண்டர் அக்கா. அவருக்குக் கையுறை கிடையாது. மின்சாரம் போய் ஆட்டோகிளேவ் ஓடாத நாட்களில் தட்டுகள் லைசால் வாளியில் ஊறும், அதற்குள்ளும் அவர் கைதான். துறையில் டீ வரும்போது அவருடைய டம்ளர் மட்டும் ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். சாதியின் பெயரை யாரும் சொன்னதில்லை, டம்ளர் சொல்லிவிடும். கண்டாமினேஷன் பற்றி மூன்றாண்டுகள் வகுப்பெடுத்த அந்தத் துறையில் அந்த டம்ளரை யாரும் கல்ச்சர் செய்து பார்க்கவில்லை.

ஒருநாள் என் தோழி அந்த டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். தட்டில் அவள் கோடிழுத்தால் கோலம்போல இருக்கும், கிருமிகள் தனித்தனிப் புள்ளியாகப் பிரிந்து வரும். அவ்வளவு சுத்தமான கை அவளுக்கு. அன்று அரை மணி நேரம் துறையில் யாரும் யாரோடும் பேசவில்லை. மறுநாளிலிருந்து அக்கா டம்ளரைத் தன் பையிலேயே வைத்துக்கொண்டார். "உங்களுக்கு மூணு வருசம், எனக்கு இங்கதான் கண்ணு பொழப்பு" என்றார்.

இரண்டாம் ஆண்டு முடிவில் அந்தத் தோழிக்குக் கல்யாணம். பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் 'பி.எஸ்சி. (மைக்ரோ)' என்று அச்சடித்திருந்தார்கள். மூன்றாம் ஆண்டு அவள் வரவில்லை. ஒரே ஒரு கடிதம் வந்தது. "இந்த வீட்டில் எனக்கென்று மூன்று நாள் தட்டு ஒன்று இருக்கிறது, சோதிக்க இன்குபேட்டர்தான் இல்லை" என்று எழுதியிருந்தாள்.

என்னை எம்.எஸ்சி.க்கு அனுப்ப வீட்டில் பணம் இல்லை. எந்தப் பட்டம் வாங்கியிருந்தாலும் எம்.ஏ. தமிழில் சேரலாம், கட்டணமும் குறைவு. அங்கே புறநானூற்றின் 299ஆம் பாடலில் பொன்முடியாரைச் சந்தித்தேன். பகைவனின் குதிரைகள் அஞ்சி ஒதுங்கி நின்றதற்கு அவர் சொல்லும் உவமை, முருகன் கோட்டத்தில் கலங்களைத் தொடாமல் ஒதுங்கி நிற்கும் பெண்கள். விலக்கு அவ்வளவு பழையது என்று வகுப்பில் பெருமையாகச் சொன்னார்கள். எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. அந்த உவமையில் அச்சம் இருக்கிறது, அழுக்கு என்ற பேச்சே இல்லை. அச்சத்தை அழுக்காக மாற்றியது யார், எப்போது என்று கேட்கத் தோன்றியது. பழையது என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது. அது எவ்வளவு காலமாகச் சோதிக்கப்படாமல் இருக்கிறது என்பதைத்தான் பழமை காட்டும்.

இன்று என் மாணவிகள் கடையில் நாப்கின் வாங்கினால் கடைக்காரர் கேட்காமலே செய்தித்தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டுத் தருகிறார். பிரெட்டையும் சோப்பையும் அப்படித் தருவதில்லை. "எதுக்கு மேடம் இதுக்கு மட்டும்?" என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள். அந்தக் கேள்வியைக் கடையிலும் கேட்கச் சொன்னேன். அடுத்த வாரம் அவள் வாங்கிய பாக்கெட்டைக் கையில் பிடித்தபடியே கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள்.