சாரி கார்டு

சைலன்சர் கிடைத்துவிட்டது. ஏர் பாக்ஸ் கிடைத்துவிட்டது. பின் மட்கார்டு, இண்டிகேட்டர், ஹேண்டில்பார், செயின் கவர் எல்லாம் நாலு மாதத்தில் ஒவ்வொன்றாகச் சேர்ந்துவிட்டன. சாரி கார்டு மட்டும் கிடைக்கவில்லை.

மூன்றாவது சனிக்கிழமையாகப் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். இரும்புச் சாமான்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர் சிரித்தார். "ஆர்எக்ஸுக்கு சாரி கார்டா? வண்டி வாங்குனவன் மொதல்ல கயட்டிப் போடுறதே அத்தத்தான். நீ இன்னாப்பா, தேடிக்கினு வர்ற?"

நானும் முதலில் கழற்றிப் போட்டது அதைத்தான்.

வண்டி என் மாமாவுடையது. 1993 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. மாமா மின்வாரியத்தில் கணக்கீட்டாளர். கிணத்துக்கடவு, நெகமம், சுல்தான்பேட்டை என்று தோட்டம் தோட்டமாக மீட்டர் ரீடிங் எடுக்கப் போவதற்காக வாங்கினார். 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை 100 கிலோ சொச்சம். இன்றைக்குக் காகிதத்தில் பார்த்தால் சின்னச் சின்ன எண்கள்தான். ஆனால் டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்பு உண்டு. ஃபோர் ஸ்ட்ரோக்கில் இரண்டு சுற்றுக்கு ஒன்றுதான். அத்தனை லேசான உடம்பில் அப்படி ஒரு இன்ஜின். கிளட்சைச் சட்டென்று விட்டால் முன்சக்கரம் தரையை மறந்துவிடும். 1996-இல் தயாரிப்பை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகுதான் வண்டி சாமியானது.

2010-இல் நான் கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் படிக்கும்போது மாமா சாவியைக் கொடுத்தார். முதுகுவலி வந்து அவர் ஸ்கூட்டருக்கு மாறியிருந்தார். "ஆயில் மட்டும் பாத்துக்க மாப்ளே" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

முதல் வாரமே சாரி கார்டு போனது. பின்சக்கரத்தின் இடது பக்கத்தை மறைத்து நிற்கிற கம்பிச் சட்டம் அது. பக்கவாட்டில் உட்காரும் பெண்களின் கால் அந்தப் பக்கம்தான் இருக்கும். எனக்கு அது வீட்டு ஜன்னல் கம்பியை வண்டியில் மாட்டியது போலத் தெரிந்தது. குடும்பஸ்தன் வண்டி என்று ஊருக்குச் சொல்கிற போர்டு. சட்டத்தைத் தாங்குகிற பிடியையும் கட்டிங் வீல் வைத்து அறுத்தேன். நாளைக்கு யாராவது திரும்ப மாட்டச் சொன்னாலும் மாட்ட முடியக் கூடாது. பின்னாலேயே செயின் கவரும் போனது. எல்லாவற்றையும் சேர்த்து உக்கடத்தில் எடைக்குப் போட்டேன். அந்தக் காசில் நாலு பேர் பரோட்டா சாப்பிட்டோம்.

அடுத்தது சைலன்சர். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சரின் வேலை சத்தத்தை அடக்குவதோடு முடிவதில்லை. நடுவில் பெருத்து, மறுபடி ஒடுங்குகிற அந்த வடிவத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிலிண்டரிலிருந்து வெளியே பாய்கிற புகையின் அழுத்த அலை அந்த ஒடுக்கத்தில் மோதித் திரும்பி வரும். புகையோடு சேர்ந்து தப்பிக்கப் பார்க்கிற புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளிவிடும். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு செய்கிற வேலையில் பாதியை இங்கே ஒரு அலை செய்கிறது. அப்போது எனக்கு இது தெரியாது. நேரான குழாய் ஒன்றை வாங்கி மாட்டினேன். சத்தம் இரண்டு தெருவுக்குக் கேட்டது, இழுவை குறைந்தது. சத்தம் கூடினால் வேகமும் கூடியிருக்கும் என்று நம்பினேன்.

ஏர் பாக்ஸை எடுத்துவிட்டுக் கூம்பு ஃபில்டர் போட்டேன். காற்று கூடியது. அதற்கேற்ற ஜெட் போடாததால் பெட்ரோல் கூடவில்லை. பல்லடம் தாண்டி ஒரு மத்தியான வெயிலில் பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சிலிண்டரைக் குடைந்து, ஒரு அளவு பெரிய பிஸ்டன் போட்டார்கள். ஆயில் பம்ப் எதற்கு என்று நண்பன் ஒருவன் சொன்னான். அதையும் கழற்றி, லிட்டருக்கு 30 மில்லி ஆயிலைப் பெட்ரோல் டேங்கிலேயே கலந்து ஓட்டினேன். ஆயில் மட்டும் பாத்துக்க என்று மாமா சொன்னது ஞாபகம் வரவே இல்லை.

அந்த இரண்டு வருடங்களையும் வீண் என்று சொல்ல மாட்டேன். ஒரு கார்புரேட்டரைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தது அப்போதுதான். கல்லூரியில் நான்கு வருடம் படித்த தெர்மோடைனமிக்ஸ், ஒர்க்‌ஷாப் வாசலில் உட்கார்ந்திருந்த சாயங்காலங்களில்தான் கொஞ்சமாவது புரிந்தது. அவினாசி ரோட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு மூன்றாவது கியரில் அந்தச் சத்தம் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும்போது, என்னிடம் என்னுடையதென்று ஒன்று இருக்கிறது என்று தோன்றும். இருபது வயதில் அது சின்ன விஷயம் இல்லை.

2012 ஆவணியில் நெகமத்தில் ஒரு கல்யாணம். மாமா முந்தின நாள் ராத்திரியே போய்விட்டார். அத்தை காலையில் பஸ்ஸில் போவதாக இருந்தார். "பஸ்ஸு எதுக்குங்கத்தை? நான் கொண்டுபோய் விடறனுங்க" என்று நான்தான் சொன்னேன். என் வண்டியை வீட்டில் யாராவது ஒருவர் மெச்ச வேண்டும் என்று எனக்கு ஆசை.

அத்தை நெகமம் காட்டன் சேலை கட்டியிருந்தார். கைத்தறி, கெட்டி நெசவு. அது லேசில் கிழியாது. சாதாரணச் சேலையாக இருந்திருந்தால் கிழிந்தாவது போயிருக்கும். ஊர் எல்லையில் முப்பதில்தான் போய்க்கொண்டிருந்தேன். முந்தானை பின்சக்கரத்துக்குள் போனது. பின்னால் எடை குறைந்தது போல இருந்தது. திரும்பிப் பார்த்தபோது அத்தை இடது பக்கமாக ரோட்டில் கிடந்தார்.

இடது மணிக்கட்டு, இடது தோள். இரண்டு ஆபரேஷன், பிளேட், ஸ்க்ரூ, எட்டு மாதம் பிசியோதெரபி. மணிக்கட்டு சரியாகிவிட்டது. தோள் சரியாகவில்லை. இடது கை காதுக்கு மேல் போகாது. அதனால் அத்தையால் தலை பின்ன முடியாது, கொண்டை போட முடியாது. பன்னிரண்டு வருடமாக மாமாதான் தினமும் காலையில் பின்னி விடுகிறார். முதல் சில மாதங்கள் கோணல் மாணலாக இருக்கும். இப்போது கச்சிதமாக வருகிறது.

நடந்ததை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "சேலை மாட்டிக்கிச்சு." தமிழில் அப்படிச் சொல்ல முடிகிறது. பால் பொங்கிருச்சு, கண்ணாடி உடைஞ்சிருச்சு, சேலை மாட்டிக்கிச்சு. செய்த ஆள் அந்த வாக்கியத்தில் இருக்க மாட்டான். பார்க்க வந்தவர்களிடம் அத்தை ஒரு படி மேலே போய், "நாந்தானுங்க, முந்தானைய இழுத்துச் சொருகாம உக்காந்துட்டேன்" என்றார். நான் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். வண்டி மாமா வீட்டு மாட்டுச்சாளையில் சாக்குக்குக் கீழே நின்றது.

போன வருடம் மாமா போன் பண்ணினார். "வண்டிக்கு ஆர்சி முடிஞ்சு பதினொரு வருசமாச்சு மாப்ளே. ஒண்ணு புதுப்பிக்கோணும், இல்ல எடைக்குப் போடோணும். என்ன பண்றது?"

"நான் பாத்துக்கறனுங்க மாமா" என்றேன்.

பதினைந்து வருடம் ஆன வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்சி புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் வண்டியை நிறுத்த வேண்டும். நான் ஆக்கி வைத்திருந்த கோலத்தில் அது அவர் முன்னால் நிற்காது. அப்போதுதான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சியில் இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே வருடம் வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் போடலாம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. விரல் விட்டு எண்ணினேன். ஏழு மாற்றங்கள், 35,000.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி. பின்னால் உட்காருபவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி, கால் வைக்க ஒரு இடம், அவர் உடை மாட்டிக்கொள்ளாதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கிற ஒரு தடுப்பு, இந்த மூன்றும் இருந்தே ஆக வேண்டும். டெல்லியில் உட்கார்ந்து எழுதிய யாரோ ஒருவர் என் அத்தையை நினைத்திருக்கிறார். நான் நினைக்கவில்லை.

மாதம் இரண்டு முறை ஊருக்குப் போனேன். பொள்ளாச்சியில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மெக்கானிக் அண்ணன், அறுபது வயது இருக்கும். வண்டியைச் சுற்றி ஒரு ரவுண்டு வந்தவர் திட்டவில்லை. "எல்லாரும் பண்றதுதான்" என்றார். மாற்றுவதை விடத் திருப்பிக் கொண்டுவருவது பத்து மடங்கு வேலை. நான் ஒரு மத்தியானத்தில் கழற்றி எறிந்த ஏர் பாக்ஸைத் தேட ஏழு வாரம் ஆனது. நூறு ரூபாய்க்குப் போட்ட சைலன்சருக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தேன். அதுவும் ஒரிஜினலா டூப்ளிகேட்டா என்று வெல்டிங் கோட்டைத் தடவிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆயில் பம்ப்பைத் திரும்ப மாட்டிய அன்று அண்ணன் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். ஆக்சிலரேட்டர் கேபிள் இரண்டாகப் பிரிந்து ஒன்று கார்புரேட்டருக்கும் இன்னொன்று பம்ப்புக்கும் போகிறது. எவ்வளவு திருகுகிறோமோ அதற்குத் தக்க ஆயில். பம்ப்பில் இருக்கிற காற்று முழுக்க வெளியேறும் வரை சின்ன ஸ்க்ரூவைத் திறந்து வைத்துச் சொட்டச் சொட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம். "மொத டேங்குக்கு மட்டும் பெட்ரோல்லயும் கொஞ்சம் கலந்துக்குங்க தம்பி. பம்ப்பை நம்பறதுக்குக் கொஞ்ச நாளாகும்" என்றார்.

சில விஷயங்கள் திரும்பாது. குடைந்த சிலிண்டரில் போன இரும்பு போனதுதான். புது ஸ்லீவ் இறக்கலாம், அது வேறு இரும்பு. அறுத்த பிடிக்குப் பதில் புதுசு வெல்டு வைத்தோம். பெயிண்ட் அடித்த பிறகு கண்ணுக்குத் தெரியவில்லை. விரலை ஓட்டினால் தட்டுப்படுகிறது.

கடைசியாக மிச்சம் சாரி கார்டு. புதுப்பேட்டையிலும் இல்லை, உக்கடத்திலும் இல்லை என்று சொன்னதும் அண்ணன், "இதை மொதல்லயே கேட்டிருக்கலாமுங்களே" என்று பரணில் ஏறச் சொன்னார். அங்கே சாரி கார்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. முப்பது இருக்கும். இருபது வருடமாகப் பையன்கள் கழற்றி விட்டுப் போனவை. எடைக்குப் போட அவருக்கு மனசு வரவில்லையாம்.

"ஸ்டாக்குனா என்னங்க தம்பி? யாரு ஏறுவாங்கன்னு தெரியாம எல்லாத்தையும் நெனச்சு வெக்கறது. மாடிஃபைங்கறது ஓட்டறவன் ஒருத்தனை மட்டும் நெனச்சுப் பண்றது." கோணல் இல்லாத ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். பேஃபிள் உள்ளே இருந்ததால் சத்தம் அடங்கியிருந்தது. ஒரு நிமிடம் பழைய சத்தத்துக்கு மனசு ஏங்கியது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வாசலில் ஆக்சிலரேட்டரை விட்டதும் கேட்ட அந்த 'டன் டன் டன்' எனக்கு ஆறு வயதில் தெரிந்த சத்தம். மாமா வந்துவிட்டார் என்று சொல்கிற சத்தம். மாமா கையில் சீப்போடு வெளியே வந்தார். பின்னாலேயே அத்தை, பாதி பின்னிய தலையோடு.

மாமா ஆயில் டேங்க் மூடியைத் திறந்து பார்த்து மூடினார். அத்தை குனிந்து வலது கையால் சாரி கார்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார்.

ஊரிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "இது மொதல்ல இருந்துச்சுங்கத்தை. நாந்தான் கழட்டி எடைக்குப் போட்டேன். அன்னிக்குச் சேலை தானா மாட்டலீங்க."

அத்தை நிமிரவில்லை. "தெரியுங் கண்ணு. ஏறி உக்காந்தப்பவே தெரிஞ்சுது. எப்பவும் காலுக்குக் கம்பி தட்டும். அன்னிக்குத் தட்டல."

"அப்புறம் ஏனுங்கத்தை எறங்காம இருந்தீங்க?"

"நீ அத்தனை ஆசையாக் கூப்பிட்டயே."

இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கெட்டியாத்தான் இருக்குது" என்றார். அன்றைக்கு யாரும் வண்டியில் ஏறவில்லை. அத்தை திண்ணையில் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மாமா பாதியில் விட்ட பின்னலை எடுத்தார்.