புரட்டாசியில் தெரியாத குவாசார்

சாந்தோம்காரர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஐப்பசியில் கடலுக்கு மேல் மின்னல் வெட்டினால் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணத் தொடங்கிவிடுவோம். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஒன்பதில் இடித்தால், "மூணு கிலோமீட்டர்தான், கீழ இறங்கு" என்று மொட்டை மாடியிலிருந்து விரட்டுவார் அம்மா.

குவாசாரின் கருந்துளையைச் சுற்றும் வாயுவையும் ஏறக்குறைய இப்படித்தான் அளக்கிறார்கள். கருந்துளையில் விழப்போகும் பொருள் சூடாகி ஒளிர்கிறது. அந்த வெளிச்சம் கூடும், குறையும். தள்ளிச் சுற்றும் வாயு அதை வாங்கித் தன் நிறத்தில் திருப்பித் தரும், ஆனால் தாமதமாக. தாமதம் எத்தனை நாளோ, வாயு சுமார் அத்தனை ஒளிநாள் தொலைவில் இருக்கிறது. வாயுவின் வேகத்தையும் சேர்த்தால் கருந்துளையின் நிறை கிடைக்கும். தொலைவு இரட்டிப்பாகத் தப்பினால் நிறையும் இரட்டிப்பாகத் தப்பும்.

தப்பத்தான் செய்தது. முதன்முதலில் குவாசார் என்று அடையாளம் காணப்பட்ட 3சி 273-க்கு (1963, மார்ட்டன் ஷ்மிட்) பழைய அளவீடுகள் 260 முதல் 380 ஒளிநாள் வரை சொல்லின. 2018-இல் சிலியிலுள்ள நான்கு 8 மீட்டர் தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்து நேரடியாகவே அளந்தார்கள்: சுமார் 145. நிலாவில் கிடக்கும் சின்ன தோசை ஒன்றை சாந்தோம் கடற்கரையில் நின்று அளப்பதுபோல.

அடுத்த ஆண்டே வேறொரு குழு, பத்து வருட ஒளிப்பதிவுகளோடு வந்தது. வெளிச்சத்தில் மெதுவான ஏற்றம் ஒன்று கலந்திருந்தது. வாயு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. கருந்துளையிலிருந்து பீறிடும் தாரையின் வெளிச்சமாக இருக்கலாம் என்றார்கள். அதைக் கழித்தபின் கிடைத்த தாமதம் சுமார் 146 நாள்!

எனக்கு இந்த இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் பிரியம். 3சி 273 இருப்பது கன்னியில். புரட்டாசியில் சூரியனும் அங்கேதான், அதனால் வருடாவருடம் பதிவில் ஓட்டை விழும். காவலூர் மாதிரி இடமென்றால் ஓட்டை அடைவதற்குள் வடகிழக்குப் பருவமழை வேறு வந்துவிடும். மின்னல் வெட்டி, எண்ணிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மாதம் காதைப் பொத்திக்கொண்டால் எப்படி இருக்கும்? அப்படித்தான் பத்து வருடம் எண்ணியிருக்கிறார்கள்.