செப்பம்

என் மோட்டார்ச் சைக்கிள் வயதில் என்னைவிடச் சிறிதே இளையது. நாட்டில் 2020ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025இல் அது மீளத் தொடங்கியபோது புதிய வண்டிகளின் விலை ஆசிரியச் சம்பளத்துக்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே என்போன்றோர் பழையவற்றைச் செப்பனிட்டே ஓட்டுகின்றோம். சிலிண்டர்த் தலையின் ஓரமாக எண்ணெய் கசியத் தொடங்கவே, பட்டணத்துக் கராச் ஒன்றில் வண்டியைக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் பழைய கஸ்கற்றைச் சுரண்டி எறிந்து புதியதைப் பூட்டித் தந்தார்கள். விரைவை மெச்சிப் பணம் கொடுத்தேன். பத்தாம் நாள் மீண்டும் கசிந்தது.

இரண்டாம் முறை எங்கள் சந்தியிலுள்ள தகரக் கொட்டகைக்குச் சென்றேன். அதை நடத்துபவன் என் பழைய மாணவன். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் ‘கவனக் குறைவு’ என்று எழுதிக் கையொப்பமிட்டவன் நான். அவன் அதை மறந்திருப்பான் என்ற நம்பிக்கையிலேயே போனேன் என்பதையும், வேலை தொடங்குமுன் கூலியில் பேரம் பேசினேன் என்பதையும் மறைப்பதற்கில்லை. “பட்டணத்தில் அரை மணியில் செய்தார்கள்” என்பதே என் வாதம். அவன் மறுபேச்சின்றித் தொகையைக் குறைத்தான்.

தலையைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தவன், “சேர், இதில நகத்தால தடவிப் பாருங்கோ” என்றான். கண்ணுக்கு மயிரிழையாகத் தெரிந்த கீறல் நகத்துக்கு வாய்க்காலாகத் தட்டுப்பட்டது. “இரும்பெண்டு நினைச்சு ஸ்குரூ டிரைவரால சுரண்டியிருக்கினம்.”

அலுமினியம் மெல்லிய உலோகம். இரும்பு தாங்கும் உளியை அது தாங்காது. ஒரே வெப்பத்தில் இரும்பைப்போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதும் அதன் இயல்பு. வண்டி சூடேறித் தணியுந்தோறும் இடையிலுள்ள கஸ்கற் நசுங்கியும் நெகிழ்ந்தும் தன் வேலையைச் செய்யவேண்டும். அதன் கீழே ஒரு கீறல் இருந்தால் எண்ணெய்க்கு அதுவே வழியாகிவிடும்.

அவன் முதலிற் செய்த காரியம் சிலிண்டர் வாயையும் எண்ணெய்த் துளைகளையும் சுத்தமான துணியால் அடைத்தது. பழைய கஸ்கற் ஒட்டியிருந்த இடங்களை ஒரு திரவத்தால் நனைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தான். எனக்குப் பொறுமையில்லை. “ஊறட்டும் சேர்” என்றான். ஊறியபின் ஒரு பிளாஸ்டிக் தகட்டைப் படுக்கையாகப் பிடித்துத் தள்ளினான். கறுப்புப் படலம் சுருண்டு வந்தது.

இரும்புப் பாகங்களை வேகவைக்கும் கோஸ்டிக் சோடாவைப் பற்றிக் கேட்டேன். அலுமினியத்தை அது கரைத்துவிடுமாம். சுழலும் உரைதட்டை வைத்தால் இரண்டு நிமிட வேலைதானே என்றேன். அதற்குத்தான் அவன் பயந்தான். தட்டு உலோகத்தை ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் தின்றுவிடும். உதிரும் துகளோ எண்ணெயிற் கலந்து பெயாரிங்குகளைத் தேய்க்கும். அத்துகள் பெரும்பாலும் அலுமினியம் ஒட்சைட்டு. இரத்தினபுரி நீலக்கல்லும் அதே பொருளின் பளிங்கே. கடினத்தில் வைரத்துக்குச் சற்றுக் கீழே நிற்பது. ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் இவ்வகைத் தட்டுகளைக் குறித்துத் தன் பழுதுபார்ப்போருக்கு எச்சரிக்கையே விடுத்ததுண்டு.

கீறல் தலையில் இருந்தது நல்லதாயிற்று. அதை வால்வுகள் நீக்கித் தனியே எடுத்துக் கழுவலாம். தடித்த கண்ணாடியின்மேல் நுண்ணிய எமறித்தாளை நனைத்து விரித்து, தலையைக் கவிழ்த்து எட்டு வடிவில் மெல்ல மெல்லத் தேய்த்தான். பின்பு சவர்க்கார நீரில் ஒரு துகளும் மிஞ்சாமற் கழுவினான். உருக்கு நேர்விளிம்பை வைத்து 0.05 மில்லிமீற்றர் தகட்டை அடியிற் செருகிப் பார்த்தான், நுழையவில்லை. நாம் திருத்தும் விடைத்தாளின் தடிப்பில் ஏறத்தாழ அரைவாசி அது! பல்கலைக்கழகத்தில் ‘செப்பம்’ என்ற சொல்லுக்கு நடுவுநிலை, நேர்மை என்றே பொருள் படித்தேன். மேடுபள்ளமின்மையும் அதன் பொருள் என்பதும், செப்பனிடுதல் என நாம் சொல்வது அதனாலேயே என்பதும் அந்தக் கண்ணாடியருகில்தான் எனக்கு உறைத்தன.

கடைசியாகத் தின்னர் தோய்த்த வெள்ளைத்துணி வெள்ளையாகவே திரும்பும்வரை இரு முகங்களையும் துடைத்தான். அதன்பின் அவற்றில் விரல் படவில்லை. நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, மும்முறையில், அளவுத்திருகியால் இறுக்கினான். மூன்று மணி நேரம் ஆகியிருந்தது.

அவ்வளவு நேரமும் வேலை பழகும் பையன் ஒருவன், பதினேழு வயதிருக்கும், வெறுங்கையால் பாகங்களைப் பெற்றோலில் கழுவிக்கொண்டிருந்தான். விரலிடுக்குகள் வெளுத்து வெடித்திருந்தன. கையுறை இல்லையா என்றேன். “அதுக்குக் காசை ஆரிட்டைக் கேக்கிறது, சேர்?” என்று முதலாளியாகிய என் மாணவன் சிரித்தான்.

பற்றுச்சீட்டில் இரண்டே வரிகள் இருந்தன: கஸ்கற் விலை, பூட்டுகூலி. ஊறவைத்ததற்கும் தேய்த்ததற்கும் கழுவியதற்கும் வரியில்லை. அவன் முதலிற் கேட்ட முழுத்தொகையையும் நீட்டினேன். “பேசினது பேசினதுதான், சேர்” என்று மிகுதியைத் திருப்பித் தந்துவிட்டான்.

அடுத்த கிழமை இரண்டு சோடி இறப்பர்க் கையுறைகளை வாங்கிக் கொடுத்தேன். நேற்று அவ்வழியே வந்தபோது அவை உறை பிரிக்காமல் ஆணியில் தொங்கின. பையன் பெற்றோல் வாளியருகே குந்தியிருந்தான். வண்டியில் இதுவரை கசிவில்லை.